எந்தப் பக்கம் புகை

மே 11, திங்கள்

வக்கீல் எபனேசர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போனார். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். "தினமும் எழுதுங்கம்மா. யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க. தேதி முக்கியம். நடந்ததை மட்டும் எழுதுங்க, கோபத்தை எழுதாதீங்க" என்றார். நடந்ததை எழுதினால் கோபம் தானாக வராதா? படித்த மனிதருக்கு இது தெரியவில்லை.

என் பெயர் சண்முகத்தாய். வயது நாற்பத்திரண்டு. ஊர் ஆவாரங்கிணறு, சுற்றிலும் பட்டாசு ஆலைகள். வீட்டுக்காரர் குருவையா தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். முன்பு ஆலையில் போர்மேனாக இருந்தவர். எட்டு வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் அங்கே வெடியில் செத்துப்போனதும் மறுநாளே வேலையை விட்டுவிட்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை, மே 8, மதியம் மூன்றரை மணி. வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேலே மூன்று தடவை இடி மாதிரி சத்தம். மழைக்கு அறிகுறியே இல்லை. அடுத்த மூச்சு விடுவதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து ஒரு கல் என் இடது தொடையில் விழுந்தது. கறுப்புக் கல். கொய்யாப்பழத்தைவிடப் பெரியது, தேங்காயைவிடச் சின்னது. அது உருண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு நினைவில்லை.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். என் கூரையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் தூசி வெள்ளையாக எழும்பியது. அதுவே போதுமாக இருந்தது. சண்முகத்தாய் வீட்டில் வெடித்துவிட்டது என்று பத்து நிமிடத்தில் பக்கத்து ஊருக்கும் தெரிந்துவிட்டதாம்.

நான் கண் விழித்தபோது என் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயாகிவிட்டது. இவர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. 'அனுமதியில்லாமல் வீட்டில் பட்டாசு தயார் செய்தேன், கவனக்குறைவால் வெடித்தது' என்று. யார் கேட்டார்கள் இவரை? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? அவர்கள் நீட்டினார்களாம், இவர் போட்டாராம். பேனா சரியாக எழுதுகிறதா என்று மட்டும் பார்த்திருப்பார்.

வீட்டில் ஒன்றும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒன்றும் இல்லை.

மே 12, செவ்வாய்

என்னைத் தீக்காய வார்டில் போட்டிருக்கிறார்கள். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. தொடை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது, உள்ளே எலும்பில் விரிசல். அவ்வளவுதான். ஆனால் நுழைவாயிலில் சீட்டு எழுதுகிறவன் ஊர்ப்பெயரைக் கேட்டான். ஆவாரங்கிணறு என்றதும் மிச்சத்தை அவனே எழுதிக்கொண்டான். வெடி விபத்து.

காலையில் மருந்து போடும் நர்ஸ் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"தீக்காயம் எங்கம்மா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இங்க படுத்திருக்கீங்க?"

"நீங்கதான படுக்கப் போட்டீக."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். சீட்டைத்தான் நம்பினாள். இரண்டு கைகளிலும் களிம்பைத் தடவிவிட்டுப் போனாள். பக்கத்துப் படுக்கையில் உண்மையிலேயே வெந்துபோன பெண் ஒருத்தி வாழையிலையில் கிடந்து முனகுகிறாள். அவளுக்குத் தடவ வேண்டிய களிம்பு என் கையில் வழிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை கூட வரவில்லை.

மே 13, புதன்

மகள் போன் செய்தாள். "ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

மே 14, வியாழன்

சப் இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும் வந்தார்கள். வாக்குமூலம் வேண்டுமாம். சொன்னேன். வானத்திலிருந்து கல் விழுந்தது. ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு மீசையைத் தடவினார். சிரிப்பை மறைக்கிறாராம்.

"கல்லு எங்கம்மா இருக்கு?" இது சப் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுக்குள்ளதான் கெடக்கும்."

"வீடு சீல் வச்சாச்சு. சென்னைக்கு எழுதிருக்கோம். நிபுணர் வந்துதான் தெறக்கணும். உள்ள மிச்சம் மீதி இருந்து வெடிச்சா யாரு பொறுப்பு?"

விசாரித்ததில் தெரிந்தது. அன்றைக்குப் போலீஸில் ஒருத்தரும் வாசற்படியைத் தாண்டவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், கூரையில் ஓட்டை தெரிந்தது, வாசலில் நின்றே மகஜர் எழுதி வாசலிலேயே அரக்கு வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட ஒரு ஆள் தயாராக இருக்கும்போது உள்ளே போய் யார் உயிரை விடுவது? இதற்குப் பெயர் விசாரணை.

வீட்டைத் திறந்து பாருங்கள் என்று நான் கேட்டேனா என்று பிறகு வக்கீல் கேட்டார். கேட்கவில்லை. தொடை வலியில் தோன்றவில்லை.

அவர்கள் கிளம்பும்போது ஏட்டு, "ஏம்மா, வானத்துலருந்து வார கல்லு ஊருல இத்தன வீடு இருக்க, கரெக்டா உன் வீட்டத் தேடியா வந்துச்சு?" என்றார். நானும் அதைத்தான் ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 18, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்று எழுதிவிட்டேன். என் வீட்டுக் கதவில் அரக்கும் துணியும் தொங்குகிறது. அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. இவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி சீனியம்மாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் என் பின்னறை, இந்தப் பக்கம் அக்காவின் அடுப்படி.

அன்று என்னை உள்ளேயிருந்து இழுத்து வந்தவளும் அவள்தான். அடுத்த வெடி வெடிக்கும் என்று தெருவே ஒதுங்கி நின்றபோது ஒற்றைப் பொம்பளை உள்ளே போயிருக்கிறாள். அதற்காகக் காலில் விழலாம். ஆனால் வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவள் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிறாள், போகிறாள். குச்சியை ஊன்றிக் கக்கூஸ் வரை நடக்கிறேன், பிடிக்க வருவதில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டு கொல்வதற்கு நாலு வார்த்தை திட்டிவிடலாம்.

அடுப்பைக் கொல்லைப்பக்கம் மாற்றியிருக்கிறாள். ஏன் அக்கா என்றேன். "உள்ள புழுக்கம்" என்றாள். இருபது வருடமாக அதே அடுப்படியில்தான் சமைத்தாள், அப்போதெல்லாம் புழுங்கவில்லை. இருந்தாலும் அடுப்பு வெளியே இருப்பது நல்லதுதான் என்று எனக்கும் பட்டது.

மே 20, புதன்

கத்திரி வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. உச்சிப்பொழுதில் கூரை ஓட்டை வழியாக வெயில் நேராகப் பின்னறை வாசல் வரைக்கும் விழும். உள்ளே எப்படிக் கொதிக்குமோ.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஈரத் துணியை ஒட்டிவைத்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் அந்தத் துணி காய்ந்த பிறகு மறுபடி நனைத்து ஒட்டியிருந்தது. நான் நனைக்கவில்லை.

மே 21, வியாழன்

ஜாமீன் மனு தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆள், ஊர் முழுக்க மருந்து வேலை நடக்கும் பகுதி, வெளியே விட்டால் சாட்சியைக் கலைப்பார். எங்கள் பக்கம் வெடிமருந்தை மருந்து என்றுதான் சொல்வோம், நீதிபதியே அப்படித்தான் சொன்னாராம்.

எபனேசர் முகம் தொங்கிப்போய் வந்தார். என் வாக்குமூலத்தையும் அவரிடம் நான் சொன்னதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா, போலீஸ்ல வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட அரிசி களைஞ்சேன்னீங்க."

"ரெண்டும்தான் செஞ்சேன்."

"மூணரை மணிக்கா?"

"எங்க வீட்டுல எப்பச் சோறு ஆக்கணும்னு உங்ககிட்ட கேக்கணுமா?"

பாவம், அவர் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போன பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் அரிசியும் வெங்காயமும்தான் வக்கீலுக்குப் பெரிதாகப் போய்விட்டதா? கல் விழுந்தது. அது சத்தியம். என் மகள் மேல் சத்தியம்.

மே 23, சனி

சிறையில் மனுப் போட்டு இவரைப் பார்த்தேன். ஆட்டோவில் கால் நீட்டி உட்கார்ந்து, இறங்கி, வரிசையில் குச்சியோடு நின்று, இரண்டரை மணி நேரம். இரட்டைக் கம்பிவலை. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

இளைத்துப்போயிருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எதுக்குக் கையெழுத்துப் போட்டீக?"

"அத விடு. காலு ஊன முடியுதா?"

"கல்லு விழுந்துச்சுங்க. வானத்துலருந்து. நெசமா. இந்தா, இம்புட்டுக் கல்லு."

அவர் தலையை ஆட்டினார். "சரி. அப்படியே சொல்லு. மாத்திச் சொல்லாத."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் ஜோடித்த பொய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பொய்யை ஒழுங்காகச் சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறார்.

"நீங்களும் நம்பலையா?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தா பாரு, வாய மூடிக்கிட்டு இரு. எல்லாம் எம்மேல இருக்கட்டும். நீ ஒண்ணும் பேசாத." மணி அடித்துவிட்டார்கள். திரும்பிப் போய்விட்டார்.

இருபத்து மூன்று வருடம் கூட இருந்தவர். ஊர் நம்பவில்லை, போலீஸ் நம்பவில்லை, அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பெரிய தியாகி. யார் இவரிடம் தியாகம் கேட்டது? என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி.

மே 24, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள்.

மே 26, செவ்வாய்

இங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் நரிக்கரடு என்று ஒரு ஊர். அங்கே ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கரிசல் காட்டில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்திருக்கிறார். மே 8, மூன்றரை மணிக்கு. அந்த ஊரில் ஆலை இல்லை, அதனால் அவர்கள் வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போனதைப் பத்துப் பேர் பார்த்தார்களாம்.

இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை. கருப்பசாமி என்று மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, பொங்கல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அக்கா வீட்டு டிவியில் காட்டினார்கள். அதே கறுப்பு, அதே வழவழப்பு. என் கல்லின் கூடப்பிறந்தது.

காட்டில் விழுந்த கல்லுக்குக் கற்பூரம். என் மேல் விழுந்த கல்லுக்கு எப்ஐஆர்.

டிவி முன்னால் நின்று, "பாத்தியா அக்கா, பாத்தியா" என்று கத்தினேன். அக்கா பார்த்தாள். டிவியை இல்லை, என்னை. பதினெட்டு நாள் கழித்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. இவளும் நம்பியிருக்கவில்லை.

மே 28, வியாழன்

சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பர்வீன் என்று பெயர். கல் ஆராய்ச்சி செய்கிற அரசாங்க அலுவலகமாம். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது, காலில் ஷூ, தோளில் பை. எபனேசர்தான் விஷயத்தைச் சொல்லி வரவழைத்திருக்கிறார்.

நரிக்கரட்டில் கல்லைத் தரமாட்டேன் என்கிறார்களாம், கருப்பசாமியை எப்படிக் கொடுப்பது என்று. அதனால் என் கல் கிடைத்தால் பெரிய உதவி என்றார்கள். என் தொடையைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுப் பார்த்தார்கள். கல் வானத்திலிருந்து வரும்போது நெருப்பாக இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், தரைக்கு வரும்போது ஆறிப்போய்விடும், அதனால்தான் உங்களுக்குச் சுடவில்லை என்று விளக்கினார்கள். இருபது நாளில் என்னை நம்பிய முதல் ஆள்.

"உங்க வீட்டைத் திறந்து ஒரு மணி நேரம் கொடுத்தா போதும்மா. கல்லை எடுத்து, கூரை ஓட்டையை அளந்து, நான் எழுதிக் கொடுத்துடறேன். உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துடுவார். கலெக்டர் கிட்ட நானே பேசறேன்."

நான் வேண்டாம் என்றேன்.

அவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார்கள். நானும் மறுபடி வேண்டாம் என்றேன். என் வீடு, என் கல், உங்கள் ஆராய்ச்சிக்கு நான்தானா அகப்பட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மா தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை.

மே 29, வெள்ளி

எபனேசர் போனில் கத்தினார். இந்தப் பிள்ளைக்குக் கத்தவும் தெரிந்திருக்கிறது. "ஊர் உலகமே நம்பலைன்னு அழுதீங்க. நம்புற ஆளைக் கூட்டிட்டு வந்தா துரத்துறீங்க. உங்க புருஷன் வெளிய வரணுமா வேண்டாமா? சட்டப்படி மூணு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கலாம், தெரியுமா?"

வரவேண்டும் என்றேன்.

"அப்ப வீட்டைத் தெறக்கறதுல என்னம்மா பிரச்சினை?"

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். "நான் பேசிக்கிடுறேன் தம்பி" என்று சொல்லி வைத்தாள். ஆனால் பேசவில்லை. புளி உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மே 30, சனி

இன்று பேசினாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னைத் தூக்குனவ நான். உன் மடியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் குச்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"பாதி பின்னுன சரம் இருந்துச்சு. சுத்திலும் வெடி சிதறிக் கெடந்துச்சு. அத அள்ளி மூட்டைல போட்டு, ரெண்டு மூட்டையையும் பின்னறைக்கு இழுத்துத் தள்ளி, ஈரச் சாக்கப் போத்திட்டுத்தான் உன்னைய வெளிய இழுத்தேன். வெடிச்சது அதுலதான்னு நெனச்சேன். நான் பாக்காத வெடியா? எம்புருசனச் சாக்குல அள்ளிக் கொடுத்தாக, பாத்தவ நான். இருபத்து ரெண்டு நாளா அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கெடக்கேன்."

"அக்கா..."

"கல்லு விழுந்தது நெசமா?"

"நெசம்க்கா."

"அப்ப அந்த ரெண்டு மூட்டை இன்னும் முழுசா உள்ள கெடக்கு."

ஆமாம் என்றேன்.

அவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவள் அழுகை நின்றதும் எழுந்து போய்ச் சுவரில் துணியை நனைத்து ஒட்டினாள்.

சரி. எழுதிவிடுகிறேன். அரிசியும் இல்லை, வெங்காயமும் இல்லை. சரம் பின்னிக்கொண்டிருந்தேன். ஆலையில் மருந்து அடைத்த வெடியை ஏஜெண்ட் மூட்டையில் கொண்டுவந்து இறக்குவான், திரியோடு திரி சேர்த்துச் சரமாகப் பின்னிக் கொடுக்க வேண்டும். பாதி ஊர்ப் பொம்பளைகள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. இவர் கடைக்குப் போனதும் மூட்டையை எடுப்பேன், வருவதற்குள் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வாடை தெரியாமலிருக்கத் தினமும் சாம்பிராணி. வீட்டுக்குள் மருந்து வரக்கூடாது என்று அண்ணன் பிணத்தின் மேல் சத்தியம் செய்தவர் இவர். எனக்கு அந்தச் சத்தியத்தின் மேலும் கோபம்தான். சத்தியமா மகளைப் படிக்கவைக்கும்? கடையில் பஞ்சர் ஒட்டியா அவள் நர்ஸ் ஆவாள்? ஒன்றரை வருடம் இவர் கண்ணில் படாமல் பின்னினேன். ஒரு நாள் ஒரு பொறி பறந்ததில்லை. அப்படிப்பட்டவளின் மடியில் வானத்திலிருந்து கல்லைப் போட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மூட்டை கொடுத்த ஏஜெண்ட் அன்றைக்கே போனை அணைத்துவிட்டான்.

ஜூன் 1, திங்கள்

எபனேசரை வரச்சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, இப்ப ரெண்டு வழி இருக்கு" என்று தொடங்கினார். நான் நிறுத்தச் சொன்னேன். ஒரு வழி, நிபுணர் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த மூட்டைகள் வெயிலில் கிடக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா இருப்பாள், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் செய்யாத தப்புக்கு இவர் இருப்பார். இருபத்து நாலு நாள் அந்த வழியில்தான் இருந்தேன். போதும்.

"வீட்டைத் தெறக்கச் சொல்லுங்க. உள்ள ரெண்டு மூட்டை வெடி இருக்குன்னு முன்னாலயே சொல்லிருங்க, தெரியாம எவனும் காலை வச்சிரக் கூடாது. அது எனக்குச் சொந்தம். அவருக்குத் தெரியாது. கல்லு வானத்துலருந்து வந்துச்சு. இந்த நாலையும் எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"உங்களைக் கைது பண்ணுவாங்க."

"பண்ணட்டும். நான் செஞ்சதுக்குப் பண்ணட்டும்."

அந்தப் பர்வீன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 4, வியாழன்

காலை பத்து மணிக்குத் திறந்தார்கள். இரண்டு மூட்டை என்று எழுதிக்கொடுத்ததும் மூன்றே நாளில் நிபுணர் கிடைத்துவிட்டார். இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்களோ. தெருவைக் காலி செய்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து கூரை ஓட்டை வழியாகவே தண்ணீர் பீய்ச்சியது. என் அரிசி, என் மகளின் பழைய புத்தகங்கள், பீரோவில் கல்யாணப் புடவை, எல்லாம் போயிற்று. போகட்டும்.

மூட்டைகளை வெளியே கொண்டுவந்தபோது சப் இன்ஸ்பெக்டர் முகத்தில் வெளிச்சம். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் கழித்துப் பர்வீன் அம்மா வெள்ளைத் துணியில் கல்லை ஏந்திக்கொண்டு வந்தார்கள். அரைத்த மாவுச் சட்டிக்குப் பின்னால் கிடந்ததாம். அவர்கள் முகத்திலும் வெளிச்சம். ஓட்டையின் விளிம்பில், தரையில், எங்கேயும் வெடி வெடித்த கரி இல்லை என்று நிபுணரும் எழுதிக்கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் வேண்டியது என் வீட்டிலிருந்து கிடைத்துவிட்டது.

"தொட்டுப் பாக்கறீங்களாம்மா?" என்று பர்வீன் அம்மா கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இந்த முறை மரியாதையாகச் சொன்னேன்.

கதவை எட்டிக்கூடப் பார்க்காத ஊர் இன்று முழுக்கத் தெருமுனையில் கூடி நின்றது. நாலு வீட்டுக்காரிகள் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர்கள் வீட்டு டிரம்முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சப் இன்ஸ்பெக்டர், "வேற யாரு வீட்டுல செய்யுறாக?" என்று கேட்டார். என் வீட்டைத்தான் எனக்குத் தெரியும் என்றேன்.

ஜூன் 5, வெள்ளி

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். குள்ளமான பெண் காவலர் ஒருத்தி கூட இருக்கிறாள், வேன் வர நேரமாகும் என்கிறாள். பத்துப் பதினைந்து நாளில் ஜாமீன் வாங்கிவிடலாம் என்று எபனேசர் சொல்கிறார்.

இவரை நேற்றுச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். காலையில் அக்காவோடு வந்தார். அக்கா சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். இவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். நடுவில் கம்பிவலை இல்லை. நான்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது.

"எதுக்குக் கையெழுத்துப் போட்டீக? என்னையக் காப்பாத்தவா? நான் கேட்டனா? ஒரு வார்த்த என்கிட்ட வந்து கேட்டிருந்தா கல்லுன்னு சொல்லிருப்பேன். அன்னைக்கே முடிஞ்சிருக்கும். உங்க பெருந்தன்மையால எத்தன நாளு, எத்தன பேரு..."

"நான் உன்னையக் காப்பாத்தப் போடல" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"சத்தம் கேட்டு ஓடியாந்தேன். மதினி உன்னைய இழுத்துட்டு வந்து தெருவுல போட்டாக. உடம்பெல்லாம் வெள்ளத் தூசி. அசையல. கிட்டப் போகவிடாம நாலு பேரு என்னையப் புடிச்சுக்கிட்டாக. அங்கயிருந்து அப்படியே ஜீப்புல ஏத்திட்டாக. அண்ணனைப் பாத்த மாதிரியே பாத்தேன். நீ செத்துட்டன்னு நெனச்சேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஸ்டேசன்ல என்னமோ எழுதி நீட்டுனான். நான் அதப் படிக்கக்கூட இல்ல. நீயே இல்ல, இனி எதுல போட்டா என்னன்னு போட்டேன். நீ உசுரோட இருக்கன்னு மறுநாளுதான் சொன்னாக."

இருபத்தெட்டு நாளாக நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என்னைக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு நான் இல்லை என்று நினைத்திருக்கிறார் அவர்.

"இப்ப?" என்றேன்.

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"இப்ப உசுரோட இருக்க. அதனாலதான் ஆத்திரமா வருது. அண்ணன் பொணத்து மேல சத்தியம் பண்ணுன வீட்டுக்குள்ள, ஒன்றரை வருசம், எனக்குத் தெரியாம. உன்னைய என்ன செஞ்சாலும் எனக்கு ஆறாது."

"ஆற வேண்டாம்" என்றேன். "நான் வந்த பொறகும் திட்டுங்க."

அவர் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்தார். என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சாப்பிடு என்று கூடச் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்து போகவில்லை.